அப்பா மெல்லாமல் விழுங்கிய கொழுக்கட்டை

பிள்ளையார் சதுர்த்தி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, எண்ணெய் தொட்ட விரல்களுக்குள் வழுக்கி ஓடும் கொழுக்கட்டையின் சூடும், மூடியைத் திறந்ததும் ஆவியோடு எழும் எள்ளும் வெல்லமும் கலந்த வாசனையும்தான். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பாவுக்குத் 'தோல் ஷாப்பில்', அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை. அந்த வருஷம் சொத்தைப் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, பல்செட்டுக்காகக் காத்திருந்தார்.

"பிட்டுத் தர்றேன், இருங்க" என்று அம்மா சொல்லச் சொல்ல, "இதுக்கு இன்னாத்துக்குப் பல்லு? தானா எறங்கும்" என்று முழுசு முழுசாக விழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் அப்பாவுக்கு வயிறு முறுக்கி வலித்தது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள், தொப்புளில் பெருங்காயம் பூசினாள். குடித்ததெல்லாம் பச்சை வாந்தியாக வெளியே வந்தது. பக்கத்து வீட்டு ஜுபைதா அத்தை எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். "இன்னாக்கா இது, வயிறு மத்தளமாட்டம் உப்பிக்கிது! வீட்டு வைத்தியம் போதும், கெளம்பு வேலூருக்கு." அவளே வாடகைக் கார் பிடித்து, எங்களோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "காத்து பிரியுதா?" எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "குடல் அடைச்சிருக்கு. விட்டா அழுகிடும்" என்று சொல்லி, உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மா, ஒரு சேலை நீளக் குடல் வயிற்றுக்குள் மடிந்து மடிந்து கிடப்பதையும், அதன் குறுகலான இடத்தில் கொழுக்கட்டை ஒட்டிக்கொண்டு நின்றதையும் விரலால் வரைந்து காட்டினார்.

"பூரணம் உள்ளயே இருந்துச்சா, டாக்டர்?" என்றேன்.

"பிரிச்சுப் பாக்கலியேம்மா" என்று சிரித்துவிட்டார்.

காற்று பிரிந்தால்தான் குடல் மறுபடி வேலை செய்கிறதென்று அர்த்தமாம்; அதுவரை அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கட்டிலைச் சுற்றி நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஒரு காலையில் அந்தச் சத்தம் கேட்டது. "யா அல்லா, பிரிஞ்சிடுச்சுக்கா!" என்று அத்தை கத்த, அம்மா ஓவென்று அழுதாள். அப்பா வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு செருப்புக் கம்பெனியின் கிடங்கு நிற்கிறது. ஜுபைதா அத்தையின் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார், ஆனால் அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் பல வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார். கொழுக்கட்டையை அவர் கடைசிவரை விடவில்லை. அம்மா கிள்ளிக் கிள்ளி வைத்ததை, பல்செட் சத்தம் போட, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டேயிருப்பார். ஒரு கொழுக்கட்டைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.