குட்டையன் கம்பை ஓங்கும்வரை

அந்தக் கம்பெனியில் எல்லோரும் பூதம் செய்துகொண்டிருந்தார்கள். ரிசப்ஷன் அக்கா மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் இடத்துக்கு யார் போன் பண்ணப்போகிறார்கள்? வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கூரியர்காரர்கள். மீதிப் பேர் மேல்மாடிப் பல் டாக்டரைத் தேடி மாடி தவறி இறங்கியவர்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களை லிஃப்டில் ஏற்றி அனுப்புவதுதான் அக்கா உருப்படியாகச் செய்த வேலை.

ஐம்பதைத் தாண்டிய தன்னை இவர்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கே நெடுநாளாகச் சந்தேகம். மேனேஜர் ஒருநாள் அவளை உள்ளே கூப்பிட்டார். அரைக்கால் சட்டையில் ஆபீஸ் வருகிற மேனேஜர். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அவ்வப்போது சொல்வார். சொன்ன கையோடு யாராவது ஒருத்தர் குடும்பத்தை விட்டு வெளியேற்றப்படுவது அங்கே வழக்கம்.

"அக்கா, நீங்க எப்பவாச்சும் கேம் ஆடியிருக்கீங்களா?"

"சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடியிருக்கேன் சார்."

"சூப்பர்! உங்களத்தான் தேடிட்டிருந்தோம்."

விஷயம் இதுதான். அவர்கள் தயாரித்த கேமில் ஒரு வீரன் வாளோடு பாதாளக் கோட்டைக்குள் இறங்குவான். கீழே போகப் போகப் பெரிய பெரிய பூதங்கள். முதல் அறையில் மட்டும் ஒரு சின்னப் பூதம் நிற்கும். குட்டையன் என்று அதற்குப் பெயர். முழங்கால் உயரம், தொப்பை, இரண்டு கொம்பு, ஒரு கையில் கம்பு, மறு கையில் கேடயம் என்ற பெயரில் நசுங்கிய பானை மூடி. அடி வாங்குவதுதான் அவனுடைய உத்தியோகம். புதிதாக ஆடவருகிறவனுக்கு, 'பரவாயில்லையே, நாமும் வீரன்தான்' என்று ஒரு நினைப்பு வரவேண்டும். அதற்காகக் குட்டையன் சாகவேண்டும். அவனிடம் தோற்கிற ஆள் பூமியில் ஒருவர்கூட இருக்கக்கூடாது.

"இந்த அக்காவே அடிச்சிட்டாங்கன்னா உலகத்துல எவனும் அடிச்சிடுவான்" என்றார் மேனேஜர், அவளை வைத்துக்கொண்டே. அக்கா மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

பொத்தான் ஒன்றுதான், அழுத்தினால் வாள் வீசும். குட்டையன் வாத்து மாதிரி அசைந்து அசைந்து வந்தான். எதிரே நின்றான். கம்பை மெதுவாகத் தூக்கினான். பாதியில் கை நின்றது. அடிக்கவேண்டிய நேரம் அதுதான். அக்கா கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாவகாசமாக ஓங்கி ஒரு போடு போட்டான். வீரன் மல்லாந்தான்.

"அக்கா, அவன் கைய தூக்கறப்பவே அடிங்க!" என்று கத்தினான், குட்டையனை வரைந்து நடக்கவைத்த பையன். முகத்தில் பாதிக்குமேல் தாடி என்பதால் ஆபீசில் அவன் பெயரே தாடி.

"தூக்கிட்டிருக்கானே தம்பி. முடிக்கட்டும்னு பாத்தேன்."

"அவன் முடிச்சா நீங்க முடிஞ்சீங்கக்கா!"

ஆபீசே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மறுபடி ஆடினாலும் அதே கதைதான். கை நின்றால் காத்திருப்பது அவளுக்கு உடம்போடு ஊறியிருந்தது. அது வீட்டிலிருந்து வந்த பழக்கம்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். ஸ்டாப்பில் நிற்காதவர் என்று பெயர் எடுத்தவர். "லேட்டா வர்றவனுக்கெல்லாம் நின்னா அது பஸ்ஸா, சத்திரமா?" என்பார். வீட்டிலும் அப்படியே. சோறு வேகும்வரை பொறுக்கமாட்டார், அரிசியை மிரட்டுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு குழறியது. சிகிச்சைக்குப் பிறகு முழுசாகத் திரும்பிய ஒரே வார்த்தை, அதுவரை அவர் வாயில் யாரும் கேட்டிராதது: "இரு."

காலையில் டம்ளரில் டீயை அவர் முன்னால் வைப்பாள். வலது கை மடியிலிருந்து கிளம்பும். பாதி தூரம் வந்ததும் அந்தரத்தில் நின்றுவிடும். விரல்கள் நடுங்கும். "இரு" என்பார். அக்கா இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட வேன் வந்து, ஹாரன் அடித்து, போயும் போய்விடும். அப்புறம் அந்தக் கை என்னவோ முடிவுக்கு வந்ததுபோல் மீதி தூரத்தைக் கடந்து டம்ளரைப் பிடிக்கும். கால்வாசி துண்டில் சிந்தும். மிச்சத்தை அவரே குடிப்பார். குடித்து முடித்து அவளை ஒரு பார்வை பார்ப்பார், மலைப்பாதையில் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் மாதிரி.

"அவரா செய்யறத அவரே செய்யட்டும்மா. ஒருதடவை அவரே விட்டுட்டார்னா அப்புறம் கை திரும்பாது" என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். மற்ற அறிவுரைகள் எல்லாம் மறந்துவிட்டன. அக்கா இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பின்பக்க வீட்டில் இருந்த நாத்தனார்தான் பகலில் அவரைப் பார்த்துக்கொள்பவள். நல்லவள். ஆனால் காலில் சக்கரம் கட்டியவள்.

"வாயில ஊத்தினா ரெண்டு நிமிஷம் அண்ணி. எதுக்கு இந்தக் கூத்து?"

"அவரே குடிப்பாரு. நீ முன்னால வச்சிட்டு சும்மா உக்காந்திரு, போதும்."

"நான் உக்காந்துட்டா என் வீட்டு வேலைய யாரு பாப்பா? உங்க ஆபீஸ் பூதமா?"

ஆபீஸ் பூதத்தின் நிலைமையோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுப்போம் என்று குட்டையன் கம்போடு நிற்கும் நேரத்தை நீட்டினார்கள். அவன் நீட்டி நின்றான். அக்கா நீட்டிக் காத்திருந்தாள். கடைசியில் அடி அவளுக்குத்தான். கேடயத்தைப் பார்த்து மிரளுகிறாளோ என்று பானை மூடியைப் பிடுங்கினார்கள். பிறகு கொம்புகள் போயின. நடை இன்னும் தளர்ந்தது. ஒரு கண்ணை மூடிவைத்தார்கள். கம்பு குச்சியாகி, குச்சி விளக்குமாற்று ஈர்க்கானது. ஒவ்வொன்றாகக் கழற்றும்போதும் தாடியின் முகம் சுருங்கியது; தாடிக்குள் எவ்வளவு சுருங்கியது என்பதுதான் தெரியவில்லை.

"பாவம்டா, இவன் பூதமா, நோயாளியா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

கேம் வெளியாகும் நாள் நெருங்கியது. மேனேஜர் வந்து அக்கா தோற்பதை ஒருதடவை நின்று பார்த்தார்.

"இவங்களாலயே முடியலன்னா முதல் ரூமே வேணாம். குட்டையனத் தூக்கிடுங்க" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மிக அன்பாக, "கவலப்படாதீங்கக்கா. நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன வரும் என்று அக்காவுக்குத் தெரியும். இந்த நாற்காலியும் போனால் வீட்டில் மாத்திரை வாங்க வழியில்லை. அன்று மதியமே தாடியைப் பிடித்தாள்.

"தம்பி, எப்படியாவது சொல்லிக் குடுப்பா."

"அவன் மூஞ்சியப் பாக்காதீங்கக்கா. பாத்தா பாவமாத்தான் இருக்கும், நான்தானே பண்ணேன். கைய மட்டும் பாருங்க. கை நின்னுச்சா, அடி. யோசிக்கவே கூடாது."

பழகினாள். சாப்பாட்டு வேளையிலும் பழகினாள், ரிசப்ஷனில் உட்கார்ந்தும் பழகினாள். வீங்கிய கன்னத்தோடு ஒருவர் வழி கேட்டும் அவள் திரையிலிருந்து நிமிராததால் மீட்டிங் அறைக்குள் போய் உட்கார்ந்து, அரைமணி நேரம் விற்பனைத் திட்டம் கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஒருதடவை கை நின்றது, விரல் அழுந்தியது. குட்டையன் பொத்தென்று விழுந்து, காலை இரண்டுதரம் உதைத்துக்கொண்டு, புகையாகிப் போனான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இன்னொருதரம் ஆடச் சொன்னார்கள். அடித்தாள். மறுபடியும் அடித்தாள். ஆபீஸ் முடிவதற்குள், கை நின்றால் போதும், அவளைக் கேட்காமலே கட்டைவிரல் பாய்ந்தது.

"கை பழகிடுச்சுக்கா" என்றான் தாடி.

"இப்பதான் நான் ஜெயிச்சிட்டேனே தம்பி. அவனுக்குக் கொம்பெல்லாம் திருப்பி வச்சிடுவீங்கல்ல?"

"எப்படிக்கா வைக்கிறது? நீங்க ஜெயிச்சது இப்ப இருக்கிற குட்டையனத்தான். இப்படியே ஃபைனல் பண்ணிட்டாங்க."

அக்கா திரையைப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணோடு, ஈர்க்கோடு, அவன் அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாற்காலி தப்பித்துவிட்ட நிம்மதி. டீ போட்டு அவர் முன்னால் வைத்தாள். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, மழை வருமோ என்று ஒரு நினைப்பு. அவர் கை மடியிலிருந்து கிளம்பியது. பாதி தூரம் வந்தது. நின்றது.

அவள் கை பாய்ந்தது.

என்ன செய்கிறோம் என்று உறைப்பதற்குள் டம்ளர் அவர் உதட்டில் இருந்தது. டீ உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. துண்டு நனையவில்லை.

"அப்பாடா!" என்றாள் வாசலில் வந்து நின்ற நாத்தனார். "இதத்தானே நான் அப்பவே தலையில அடிச்சிக்கிட்டு சொன்னேன்!"

அவருடைய கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. யாருடைய கையோ என்பதுபோல் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாக மடிக்குக் கொண்டுபோனார். அந்த ஒரே ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டம்ளரை வைத்தபோது கை கிளம்பவில்லை.

"எடுங்க" என்றாள். "நேத்து ஏதோ அவசரத்துல பண்ணிட்டேங்க. இன்னைக்கு ஒண்ணும் பண்ணமாட்டேன். பாருங்க, கையக் கட்டிக்கிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை; கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேன் வந்து போயிற்று. டீயில் ஆடை படிந்தது. வேறு டீ போட்டுவந்தாள், அதிலும் படிந்தது. ஆபீசிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கட்டிய கையைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நகருங்க அண்ணி, மாத்திரை நேரம் தாண்டிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தாள். அவள் டம்ளரைத் தொடுவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்துவிட்டார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. துடைக்க ஒன்றுமில்லாத அவர் மோவாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றாள் அக்கா.