மச்சான் சொல்லாத கிண்டல்

என் மனைவியின் அண்ணனும் நானும் ஒரே தெரு, ஒரே வயது. ஒரே நாளில்தான் இருவருக்கும் சுன்னத்து. மாலையும் கழுத்துமாக ஜீப்பில் உட்கார வேண்டிய நான் கொய்யா மரத்தில் ஏறி ஒளிந்துகொண்டதை, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எங்கள் பீர்க்கன்கரணை வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் அவன் சொல்லிச் சிரிப்பான். மச்சானைக் கிண்டல் செய்யாமல் மச்சான் சோறு தின்றால், என்ன மனத்தாங்கலோ என்று வீட்டுப் பெண்கள் கவலைப்படுவார்கள்.

ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று எனக்குத் தெரிய வந்தபோது, பக்கத்து முடிச்சூரில் மனை வாங்கியவர்களைப் போல அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு என்று கண்ட இடத்தில் வேலி போட்டிருந்தது. இனி ப்ராஸ்டேட்டை வெட்டிப் பயனில்லை, நோய்க்குத் தீனி போடுவது ஆண் ஹார்மோன், அது சுரக்கும் விரைகள் இரண்டையும் எடுத்துவிட்டால் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஊசி. ஊசியைக் கண்டாலே எனக்கு மயக்கம் வரும் என்பதால் கத்திக்குத் தலையாட்டினேன். ஆபரேஷனை முதுகில் ஊசி போட்டுத்தான் ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சில வாரங்களில் நோய் தந்த முதுகுவலி விட்டது. மச்சான் சாப்பிட வந்தான். என்ன சொல்வான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எனக்குத் தெரியும். அதற்காகவே காத்திருந்தேன். அவனோ மழையைப் பற்றிப் பேசினான், ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசினான், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன். "ஏன் மச்சான், சின்ன வயசுல பாதியில வுட்ட வேலைய இப்பதான் முடிச்சிருக்காங்க. இந்த வாட்டி மாலை இல்லையா, ஜீப் இல்லையா?"

அவன் கை தட்டில் அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றப்பவே இது எனக்குத் தோணிச்சு மச்சான். வாய் வரல."

"இப்ப சொல்லேன்."

மறுபடி சோற்றைப் பிசைந்தான். பிறகு, "வலி எப்படி கீது?" என்றான்.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தான், ஆரஞ்சுப் பழத்தோடு, ஒரு நோயாளியைப் பார்க்க வருகிறவனாக. கொய்யா மரம்கூட அவன் பேச்சில் வரவில்லை. உங்க ரெண்டு பேருக்கும் எதனா சண்டையா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். சண்டையாக இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேசி வைத்திருப்பார்கள்.