ஐம்பத்திரண்டாவது ராத்திரி

ரஸ்ஸல் பிக்கட்டுக்குப் புல்லைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வேறு எதைப் பற்றியும் தெரியாது. ட்வீட் ஹெட்ஸில் பெரியவர்கள் வெள்ளை உடுப்புப் போட்டுப் பந்து உருட்டும் கிளப்பில் பதினேழு வருடமாகப் புல்தரையைப் பார்த்துக்கொள்கிறான். பந்து மயிரிழை விலகினாலும் பழி அவன் தலையில்தான் விழும். அதற்கெல்லாம் அசராத மனுஷனை ஒரே ஒரு ராத்திரி ஆட்டிவைத்துவிட்டது.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை சுற்றும். தெருவுக்குத் தென்பக்கம் ட்வீட் ஹெட்ஸ், வடபக்கம் கூலங்கட்டா. மாநிலமே வேறு. கோடை வந்தால் தெற்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். வடக்கே செத்தாலும் தள்ள மாட்டார்கள். தெற்கே நள்ளிரவு என்றால் வடக்கே பதினொன்று. அதனால் எங்களுக்குப் புத்தாண்டு இரண்டு தடவை. தெற்கே ஒரு வாணவேடிக்கை பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து வந்து வடக்கே இன்னொன்று பார்ப்போம்.

ரஸ்ஸலும் லீயானும் பிரிந்தது ஒரு ஜனவரி முதல் தேதி. அவள் தெற்கே, அவன் எதிர்ச்சாரியில் வடக்கே. எட்டு வயது மகள் இண்டி இருப்பது அம்மாவோடு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமையும், விடுமுறையில் சில நாட்களும் அப்பாவோடு. பிள்ளைக்காக ரஸ்ஸல் கட்டவேண்டிய பணத்தை முடிவுசெய்கிற அலுவலகம் பகலை மதிக்காது. பள்ளியிலிருந்து கூட்டிவந்தது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, எதுவும் சேராது. பிள்ளை எங்கே படுத்து எழுந்தது, அதுதான் கணக்கு. பிரிந்த தேதியிலிருந்து எண்ணுகிற வருடத்தில் ஐம்பத்திரண்டு ராத்திரி என்றால் கட்டுகிற பணம் குறையும். ஐம்பத்தொன்று என்றால், பிள்ளைக்கு ஒரு முட்டைகூட வாங்கிக் கொடுக்காதவன்.

அந்தப் பணம் குறைந்தால்தான் இண்டிக்கு ஓர் அறை உள்ள வீட்டுக்கு அவனால் வாடகை கட்ட முடியும். இல்லையென்றால், சக்கர வீடுகளை வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விடும் கேரவன் பூங்காவில் ஓர் ஒற்றைப் பெட்டி. அங்கே பிள்ளைகள் ராத்திரி தங்கக் கூடாது. ஒரு ராத்திரி போனால் எல்லா ராத்திரியும் போச்சு.

கறிக்கடையில் இலவசமாகக் கொடுத்த காலண்டரில், தங்கிய ராத்திரிக்கெல்லாம் இண்டி ஒரு தவளை ஸ்டிக்கர் ஒட்டுவாள். டிசம்பர் முப்பதோடு ஐம்பத்தொரு தவளை. முப்பத்தொன்றுக்கு ஏற்பாடு சுலபம்தான்: அம்மாவோடு தெற்கே வாணவேடிக்கை, முடிந்ததும் அப்பா வீட்டில் தூக்கம். அப்படியே நடந்தது. அரைத்தூக்கத்தில் இருந்த பிள்ளையை ரஸ்ஸல் தோளில் போட்டுத் தெருவைக் கடந்தான்.

ஒரு வாரத்தில் லீயான் அலுவலகத்துக்கு ஐம்பத்தொன்று என்று சொல்லிவிட்டாள். அவன் போய் அவள் வாசலில் நின்றான்.

“எங்கிட்ட இருக்கும்போதே வருஷம் முடிஞ்சிருச்சு. அப்புறம் உங்கிட்ட வந்தது புது வருஷத்து ராத்திரி. அதுல ஒண்ணுன்னு வச்சுக்க.”

“என் பக்கம் அப்ப மணி பதினொண்ணு பத்துதான் லீயான். பழைய வருஷத்துல இன்னும் அம்பது நிமிஷம் பாக்கி.”

“உன் பக்கம் என்னைக்கு நேரத்துக்கு நடந்துச்சு? கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு.”

“அன்னைக்குப் போட்டி இருந்துச்சு. புல்லு வெட்டணும்ல.”

“அந்தப் புல்லையே கட்டியிருக்கலாம். இந்தப் பணத்துலதான் அவ பல்லுக்குக் கம்பி போடணும், தெரியுமா?”

அலுவலகத்தின் சார்பில் பிராங்கா என்ற பெண், நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பெர்த்திலிருந்து போனில் பேசினாள். நல்ல பெண், பொறுமைசாலி.

“எழுதிவச்சது ஏதாவது இருக்கா ரஸ்ஸல்?”

இல்லாமலா? இண்டி வந்த தேதி, மணி எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. மார்தட்டாத குறையாகப் படம் எடுத்து அனுப்பினான். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

“இது உங்க கையெழுத்துதானே? ‘ஜனவரி 1, மணி 12.10, இண்டி வந்தாச்சு’ன்னு இருக்கு.”

அட மடையா! கிளப் இருப்பது தெற்கே. வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திவிடக் கூடாதென்று, கோடை வந்தால் கைக்கடிகாரம், அடுப்பங்கரைக் கடிகாரம், அலாரம் எல்லாவற்றையும் கிளப் நேரத்துக்குத் திருப்பிவைத்துவிடுவான். வடக்கே குடியிருந்து தெற்கே பிழைக்கிற பாதிப்பேர் இங்கே அப்படித்தான்.

“அது கிளப் நேரங்க. நிஜமா மணி பதினொண்ணு பத்து.”

“உங்க வீட்டுக் கடிகாரம் என்ன காட்டுச்சு?”

“பன்னண்டு பத்து.”

“எனக்கு இங்க அப்ப ஒன்பது பத்து. என் கடிகாரத்தப் பாத்தா உங்களுக்குத்தான் குடுக்கணும். ஆனா அது செல்லாது. நீங்க எழுதினதுதான் செல்லும்.”

ஐம்பத்தொன்று. முடிந்தது கதை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரஸ்ஸல் இண்டியின் கட்டிலைப் படியில் இடித்து இடித்து இறக்கி நடைபாதையில் போட்டான். ஆஸ்பத்திரிச் சலவை வேலை முடிந்து வந்த லீயான் தெருவைக் கடந்து வந்தாள்.

“அவ கட்டில் எங்க போகுது?”

“விக்கிறேன். கேரவன் பூங்காவுக்குப் போறேன். அங்க பிள்ளைங்க தங்கக் கூடாதாம்.”

“இத நீ சொல்லவே இல்லையே.”

“எத்தனை ராத்திரின்னுதானே பேச்சா இருந்துச்சு.”

லீயான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ரஸ்ஸலுக்கே பாவமாக இருந்தது.

“போன மார்ச்சுல என் கூரை ஒழுகிச்சே. நானும் அவளும் இங்க வந்து படுத்தோமே. அதுக்குத் தவளை ஒட்டினியா?”

“இல்ல. அவ ஒட்ட வந்தா, நான்தான் வேண்டாம்னேன். உங்களுக்கு இடம் விட்டுட்டு நான் வண்டியிலதானே படுத்தேன்? வீட்டுலயே இல்லாதவன் எப்படிக் கணக்குல சேக்கறது?”

“நீ எங்க படுத்தேன்னு எவன் கேட்டான்? அவ எங்க படுத்தா?”

“இந்தக் கட்டில்லதான்.”

அவள் அங்கேயே போனை எடுத்து பிராங்காவைப் பிடித்தாள்.

“நீங்களும் அங்கதான இருந்தீங்க?” என்றாள் பிராங்கா.

“விருந்தாளியா இருந்தேன். வீடு அவனுது, கட்டில் அவனுது, காலைல பிள்ளைக்கு முட்டை பொரிச்சுக் குடுத்ததும் அவன்.”

“மணி எத்தனைக்கு வந்தீங்க? எந்தப் பக்கத்து மணி?”

“ரெண்டு பக்கமும் ராத்திரிதான்.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்டது. “சரி. அம்பத்திரண்டு,” என்றாள் பிராங்கா.

“அப்ப பல்லுக் கம்பி?” என்றான் ரஸ்ஸல்.

“ஆளுக்குப் பாதி. முதல்ல அந்தப் பக்கத்தப் பிடி.”

இருவரும் கட்டிலை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது இண்டி பள்ளியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஓடிப்போய்ப் பழைய காலண்டரை எடுத்து மார்ச் மாதத்தில் ஒரு தவளையை ஒட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்கு அம்மாவும் இங்கதானே தூங்கினா. அவளுக்கும் ஒண்ணு ஒட்டவா?”

“வேண்டாம்,” என்றார்கள் இருவரும்.

ரஸ்ஸல் கட்டிலைச் சன்னலோரம் பழைய இடத்திலேயே தள்ளிப் போட்டான்.