ஐந்து தீபாவளிப் படங்கள்

கன்னிவாடி மலையடிவாரத்தில் கடப்பாரை போட்டால் முழங்கால் ஆழத்தில் பாறை இடிக்கும். மலேசியாவில் நானும் தம்பியும் காடு அழித்த இடத்தில் பன்னிரண்டடிக் கம்பியைச் சொருகினாலும் அடி தட்டாது. இலையும் வேரும் காலங்காலமாகத் தண்ணீரில் ஊறிக் கிடந்த கறுப்பு மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகு.

இதைச் சொன்னதும் சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வுக்கார மேடம் எழுதுவதை நிறுத்தினார். ஒரு ஏக்கர் காட்டைத் தோட்டமாக்கினால் எந்த நாட்டில் எவ்வளவு கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்று இந்தியாவையும் மலேசியாவையும் ஒப்பிடுவது அவர் வேலை. கன்னிவாடிப் பக்கம் காடழித்துத் தென்னை வைத்த நிலங்களில் அவருக்குக் குழி தோண்டும் கூலி நான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கிடைத்த வேலைக்கெல்லாம் போவேன்.

"அங்க மண்ணுக்குத் தீ வச்சாங்களா?"

"வச்சோம் மேடம். நானே வச்சேன்."

"மரத்தை வெட்டி அடுக்கினோம்னுதான் அந்தத் தோட்டத்துக்காரங்க எழுதியிருக்காங்க. மண்ணு எரிஞ்சதுன்னா மலேசியாக் கணக்கே மாறிப்போகும். வாய்ச்சொல் பத்தாதுங்க."

எனக்கும் பத்தவில்லை. எங்கள் கங்காணி செம்பட்டிக்காரர். மாதக்கணக்கில் புகைந்த மண்ணில் தம்பியை நிறுத்தி வேலை வாங்கியவர். அவன் நெஞ்சு கெட்டு ஊர் திரும்பியதும், எங்கள் ஊர் எரியோட்டுக்கு வந்து அம்மாவிடம், "தீயே வைக்கலத்தா. ஒம்மவன் பீடி குடிச்சுக் கெட்டான்" என்று சொல்லிவிட்டுக் காபியும் குடித்துப் போனார். தம்பி பீடியைத் தொட்டதில்லை. இன்றும் படுத்தால் மூச்சு முட்டும்; சுவரில் சாய்ந்தே தூங்குகிறான். ஊரில் அவன் பட்டப்பெயர் பீடி. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கங்காணியும் இப்போது ஊரோடு வந்துவிட்டார். மேடத்தைச் செம்பட்டிக்கு, அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

கங்காணி நாற்காலி போட்டார். "நாங்க தீயே வைக்கலம்மா. வெட்டினோம், அடுக்கினோம், அம்புட்டுத்தான்."

"அண்ணே, ஒங்க தீபாவளி போட்டோவக் காட்டுங்களேன். மேடம் பாக்கட்டும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. வருடாவருடம் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டு, தோட்டத்து எல்லைக் குழாய் அருகில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். அடிக் களிமண் வரை இறக்கிய இரும்புக் குழாய் அது. 'போன வருசம் நின்ன எடத்துலதான் நிப்பேன், நம்ம வளர்ச்சி தெரியணும்ல' என்பார். ஐந்தும் என் கையால் எடுத்தவை. சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்.

மேடம் முதல் படத்திலிருந்து நடந்தார். முதலில் குழாய் கங்காணியின் முழங்கால் உயரம். அடுத்ததில் தொடை. மூன்றாவதில் இடுப்புக்கு மேல். குழாயின் கீழ்ப்பாதி கருகியிருந்தது, பின்னால் புகை. கடைசியில் நெஞ்சளவு.

"குழாய் வளராதுங்களே" என்றார். "தண்ணி வடிஞ்சாத் தரை கொஞ்சம் இறங்கும். ஒரே வருசத்துல இம்புட்டு இறங்கி, குழாயும் கருகியிருக்கே?"

கங்காணி என்னைப் பார்த்தார். "ஏலே, இதுக்குத்தான் கூட்டியாந்தியா?"

"ஆமாண்ணே. பீடிக்கு இம்புட்டு மண்ணு எரியுமா?"

"மேல இருந்து சொன்னாங்க, வச்சோம். நான் மட்டுமாலே வச்சேன்?"

"நானுந்தான் வச்சேன். நான் யார் மேலயும் பீடியச் சொல்லல."

அவர் படங்களைக் கழற்ற எழுந்தார். மேடம் அதற்குள் ஐந்தையும் செல்போனில் எடுத்திருந்தார். வாசலில், எரிந்த மண்ணுக்குத் தனிக் கணக்கு சேர்க்க வேண்டும், மரத்தை மட்டும் வைத்து இரு நாட்டையும் ஒப்பிட்டது தப்பு என்று தனக்குள் பேசிக்கொண்டே வண்டியேறினார். அது அவர் பாடு.

நான் மேடத்தின் செல்போனிலிருந்து அந்தப் படங்களை வாங்கித் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிதாகப் பிரிண்டு போட்டேன். எரியோட்டில் தம்பியை 'பீடி' என்று முதலில் கூப்பிட்ட டீக்கடையின் சுவரில் ஐந்தையும் வரிசையாக ஒட்டினேன். கடைக்காரர், "யாருப்பா இது, ஜம்முனு நிக்கிறாரு?" என்றார். ஊரும் பேரும் சொல்லி, குழாய் ஏன் உயர்ந்துகொண்டே போகிறது என்பதையும் சொன்னேன். கங்காணி பெண் எடுத்தது எங்கள் ஊரில்தான். அவருடைய மச்சினன் தினமும் அங்கேதான் டீ குடிப்பான்.