கரை சேராத விண்கப்பல்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். எங்கள் கடற்கரையில் முதல் ரேடியோ ரிப்பேர் கடை என்னுடையது. முதல் ஐஸ் பிளாண்ட் என்னுடையது. முதல் டிவியும் என்னுடையதுதான். ‘கடல் காற்றுக்கு ஆண்டெனா ஒரு மாசம் தாங்காது’ என்றார்கள். தென்னைக்கு மேலே இரும்புக் குழாயை நிறுத்தி, நாலு பக்கமும் வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டினேன். பதினோரு வருஷம் நின்றது!

இதெல்லாம் என் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைப் போன ஞாயிறு கிளறிவிட்டது...

எண்பதுகளில் ஞாயிறு காலை டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். விண்வெளியில் வழி தவறிய கப்பல். அதில் ஒரு கேப்டன், ஒரு டாக்டரம்மா, பேசுகிற இயந்திரம் ஒன்று. பூமிக்குத் திரும்ப வழி தேடுகிறார்கள் — அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ஊரே என் கடை முற்றத்தில் உட்கார்ந்துவிடும்.

ஒரே சிக்கல், தொடர் இங்கிலீஷில். “அவன் என்னவாக்கும் சொல்லுதான்?” என்று என்னைக் கேட்பார்கள். டிவி வைத்தவன் ‘தெரியாது’ என்று சொல்ல முடியுமா? சவுண்டைக் குறைத்தேன். மைக்கைப் பிடித்தேன். எல்லோருக்கும் நானே பேசினேன்.

என் கேப்டன் காற்று திரும்புவதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பான். கிரகம் தெரிந்தால் ‘கரை தெரியுது’ என்பான். இயந்திரம் போகிற கிரகத்தில் எல்லாம் மீன் விலை விசாரிக்கும். கப்பலுக்கு ‘வானமாதா’ என்று பெயர் வைத்தேன். அடுத்த வருஷம் மூன்று மீன்பிடி வள்ளங்களில் அந்தப் பெயரை எழுதினார்கள்.

பிறகு கடைசிப் பகுதி வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை கடலுக்குப் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. நாலு பேர். ஞாயிறென்றும் பாராமல் ஆண்கள் எல்லோரும் தேடப் போயிருந்தார்கள். டிவியைப் போடவா வேண்டாமா என்று நின்றேன். காணாமல் போன அந்தோணியின் மனைவி ரோசம்மாள்தான் போடச் சொன்னாள். பிள்ளைகள் அப்பாவைக் கேட்டு அழுகிறார்களாம்.

திரையில் கப்பல் ஒரு வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது. டாக்டரம்மா அழுதாள். அது என்ன முடிவு என்று புரிய இங்கிலீஷ் வேண்டுமா? முன்னால் இருந்த ரோசம்மாளைப் பார்த்தேன்.

“கரை சேந்துட்டாங்க” என்றேன் மைக்கில். “அந்த அம்மா சந்தோசத்துல அழுதா.”

அந்தோணி வரவே இல்லை.

போன ஞாயிறு என்ன நடந்தது என்றால் — அந்தக் காலத்தில் என் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்த ஊர்ப் பிள்ளைகளில் ஒருவன் மரியதாஸ். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு, முழுத் தொடரையும் டிவிடியாக வாங்கி வந்திருக்கிறான். கடைசிப் பகுதியைக் கோயில் ஹாலில் போட்டான். இருநூறு நாற்காலி. வந்தது பதினாலு பேர். இளவட்டங்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். “லே மக்கா, அட்டப்பெட்டிய பறக்க விட்டிருக்கானுவ” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். வள்ளத்துக்குப் பெயர் கொடுத்த கப்பல் ஐயா அது! இன்று அந்த வள்ளங்களும் இல்லை.

மரியதாஸுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். படம் ஓட ஓட, மைக்கில் சரியான தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கப்பல் மறைந்தது. ‘இனி எங்களைத் தேட வேண்டாம் என்கிறான் கேப்டன். அவர்கள் திரும்பவே இல்லை’ என்றான்.

இரண்டு நாற்காலி தள்ளி ரோசம்மாள் இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து பக்கத்தில் போனேன்.

“அன்னைக்கி நான் பொய் சொல்லிட்டேன், பிள்ளே.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒமக்கு இங்கிலீசு வராதுன்னு ஊருக்கே தெரியும், அண்ணே. அந்த பொம்பள அழுதது சந்தோசத்துலயா? எனக்கா தெரியாது?”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“யாரோ ஒருத்தனாவது கரை சேந்துட்டான்னு சொன்னீருல்லா. அதக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போயி பிள்ளைகளுக்குக் கஞ்சி வச்சேன்.”

இத்தனை வருஷம் ஊரை நம்ப வைத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஊர்தான் என்னை நம்புவதுபோல இருந்திருக்கிறது. அந்தப் பதினாலு பேரும் போய்விட்டால் அந்தத் தொடர் எங்கள் கரையில் ஓடியதற்குச் சாட்சி ஏது? என் கேப்டனை யாருக்குத் தெரியும்?

ஆகவே மரியதாஸ், உனக்கு ஒரு வார்த்தை. மறுபடி அதைப் போடும்போது, கதை எழுதியவர்கள் பெயர் வரும் இடத்தில் படத்தைக் கொஞ்சம் நிறுத்து. மைக்கில் என் பெயரையும் சொல் — கடைசிப் பகுதிக்கு மட்டுமாவது.