எஞ்சினில் ஒரு குறையும் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அன்றிலிருந்து பண்டாரவளை டவுனுக்குப் போனால் ஒரு தெருவை மட்டும் நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பிறந்தது, வளர்ந்தது, இப்போது குடியிருப்பது எல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில்தான். கணவர் எல்ல பக்கம் ஒரு ஹோட்டலில் டிரைவர். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அம்மா கொழுந்தெடுக்கப் போன மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு மாதம் ஒரு கிளினிக். பஸ் படியில் அம்மாவால் ஏற முடியாது, ஓட்டோவில் காலை நீட்ட முடியாது. பெரகல தாண்டி, ஹப்புத்தளை தாண்டி, பதுளை போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். திரும்பி வந்தால் இரண்டு நாள் படுக்கை. கடைசியில் ஒருநாள், "இனி கிளினிக் வேணாம்மா, இருக்கிற மட்டும் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் ஒரு கார் வாங்கியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கார் என்றதும் சிரிக்காதீர்கள். இப்போது விற்கிற விலைக்குப் புதிய கார் எங்கள் கனவிலும் வராது. பத்து வருடம் ஓடிக் களைத்த ஜப்பான் கார்கூட வராது. எங்கள் கைக்கு எட்டியது அம்மாவைவிட வயதான ஒரு மொரிஸ் மைனர்தான். பண்டாரவளையில் அந்தத் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருடையது. அவருடைய வாப்பா ஓட்டிய கார். நாலு கதவு, சாம்பல் நிறம். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், அவருக்கும் கண் சரியில்லை, அதனால் விற்க நினைத்திருந்தார்.

பழைய கார் என்றால் பயம் இல்லாமல் இருக்குமா? வாங்கிவிட்டு மாதம் முழுக்க கராஜில் படுக்கப் போட்டால் என்ன செய்வது? கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பார்த்தார். பொனட்டைத் திறந்தார், அடியில் படுத்தார், ஒரு காந்தத் துண்டை எடுத்து உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். துரு ஓட்டைபோட்ட இடத்தைப் பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாதாம். எல்லா இடத்திலும் ஒட்டியது. தியத்தலாவை வரை ஓட்டிவிட்டு வந்து, தலையாட்டினார். அதிகம் பேசாத மனிதர் தலையாட்டினால் அது பெரிய சான்றிதழ்.

கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் ஹாஜியார் வீட்டில் நிறுத்தி, அம்மாவை அந்தக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். சீட்டைப் பின்னால் தள்ளியதும் காலை முழுசாக நீட்டினார். ஹாஜியாரின் மனைவி கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் காருக்குள்ளேயே இருந்து குடித்தார். இறங்கச் சொன்னால் இறங்க மனமில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஹாஜியார் பேரம் பேசவே விடவில்லை. அவராகவே விலையைக் குறைத்துச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை, கார் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து மழையிலும் பனியிலும் வெளியில் விட்டால் இரண்டு வருடத்தில் அடித்தகடு உக்கிப்போகும், வாப்பாவின் காரை அப்படிப் பார்க்க முடியாது என்றார். செட் அடித்துவிடுகிறோம் என்று சொன்னேன். ஏமாற்றச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். நாலு கம்பு, எட்டுத் தகரம், இதற்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

லயத்தில் பிறந்தவள் அப்படி நினைத்ததுதான் என் முட்டாள்தனம். படித்து, அரசாங்கச் சம்பளம் வாங்கியதில் எனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. நாலு தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் இடத்தில் ஒரு கம்பு நடுவதற்கும் தோட்டத்து அனுமதி வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் வெறும் புல் முளைத்துக் கிடக்கும் இடமும் எங்களுடையது இல்லை.

கடிதம் எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தோட்டத்து மேனேஜரான துரைக்கு என்னைவிட வயது குறைவு. மரியாதையாகப் பேசினார், உட்காரச் சொன்னார். என் அப்பா அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றே பேசியவர். எனக்கு நாற்காலி கிடைத்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு, இன்றைக்குக் கார் செட் என்பீர்கள், நாளைக்கு இன்னொருவர் கடை என்பார், அதற்கு மறுநாள் ஒருவர் வீடே கட்டுவார், கம்பனிக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். செட் இல்லாமல் படங்கு போட்டு மூடி நிறுத்தலாமா என்று கேட்டேன். கொழுந்து லொறி திரும்புகிற இடம், அங்கே வண்டி எதுவும் நிற்கக்கூடாது என்றார். பள்ளிக்கூட வளவில் நிறுத்தலாம் என்றால் அது மூன்று கிலோமீட்டர் கீழே. அம்மா நடந்து போய் ஏறுவாரா?

கோபம் தலைக்கேறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமலே செட்டை அடித்தோம். லயத்தில் உள்ளவர்கள் ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு தகரம் என்று கொண்டுவந்தார்கள். லொறிக்கு இடைஞ்சல் இல்லாமல் கணவர் அளந்துதான் நட்டார்.

திங்கட்கிழமை இடைவேளையில் செய்தி வந்ததும் ஓட்டோ பிடித்து மேலே வந்தேன். தோட்டத்துக் காவல்காரரான வாச்சர் ஏணி வைத்துத் தகரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அவருடைய லயம் எங்களுக்கு அடுத்த வரிசை. அத்தனை பேர் பார்க்க, துரை எறிகிற எலும்புத் துண்டுக்கு வாலாட்டுகிறாயா என்று கேட்டுவிட்டேன். ஒரு டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தை. அவர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஏசுங்க டீச்சர், பரவால்ல. நான் கழட்டலன்னா எங்க குடும்பத்தையும் லயத்த விட்டுப் போகச் சொல்லுவாங்க. நான் எங்க போறது?"

அப்போதுதான் பார்த்தேன். ஒரு தகரத்தையும் அவர் கிழிக்கவில்லை. கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். மன்னிப்புக்கூடக் கேட்காமல் பேப்பர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஹாஜியாருக்கு என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லு என்றார் கணவர். என்னால் முடியவில்லை. டீச்சர், டீச்சர் என்று அவ்வளவு மரியாதையாகப் பேசிய மனிதரிடம், கார் நிறுத்தும் அளவுக்குக்கூட எனக்கு மண் இல்லை என்று எப்படிச் சொல்வது? போனை எடுத்து, எஞ்சின் சத்தம் சரியில்லை, கணவர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, சரி டீச்சர் என்றார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து, சாயங்காலம் அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவரே எனக்குப் போன் எடுத்தார். என் பேச்சை நம்பி, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு எஞ்சினைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். மெக்கானிக்கை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் சொல்வோம்.

"ஒரு கொறையும் இல்லன்டு பாஸ் சென்னார் டீச்சர். ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, குடுக்கல்ல. ஒங்கட அம்மாக்கு எண்டுதான் வெச்சீக்கிறன். பயப்புடாம வந்து எடுங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது வழிகூடக் காட்டியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாங்கள் வேறு கார் பார்த்துவிட்டோம் என்றேன். நல்லது, அம்மா சுகமாகப் போய் வரட்டும் என்று அவர் வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார்.

போனை வைத்தபோது அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். "வேற காரா? எப்பம்மா வருது?" என்று கேட்டார்.

அம்மா அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தோட்டத்தின்மேல் எனக்குள்ள கோபம் நியாயமானது, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வேறு யாரோ வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயத்துக்கு நான் வெட்கப்பட்டு, அந்த நல்ல மனிதரின் காரில் இல்லாத குறையைச் சொன்னேனே, அதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.