பூஜை அறைக்கு ஜன்னல், அப்பாவுக்குச் சுவர்

தம்பி எங்கள் புது வீட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. அவனுக்குப் பெங்களூரில் வேலை, அங்கேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு வாடகை வீடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களைப் பார்க்க வருவான். நானும் அப்பாவும் மாரிகுப்பத்தில் பழைய லைன் வீட்டில் இருக்கிறோம். தங்கச் சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிப்போட்ட வீடுகள். முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, பின்னால் சமைக்க ஒரு தடுப்பு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரரின் சுவர்தான் எங்களுக்கும் சுவர்.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் எங்களுக்கு வீடு கட்ட ஒரு சின்ன சைட் இருக்கிறது. சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வந்த பணத்தில் வாங்கியது. இத்தனை வருடம் அதில் முள்செடியும் ஊர் ஆடுகளும்தான் குடியிருந்தன. இப்போதுதான் கட்ட முடிகிற நிலைமை வந்தது. தம்பி லோன் போடுகிறான். நான் தையல் ஃபேக்டரியில் சேர்த்ததைப் போடுகிறேன். அப்பா மூச்சு விடுவதற்காகத்தான் அந்த வீடு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பிளான் காகிதம் வந்ததும் எல்லோரும் இதைத்தான் மறந்தார்கள்.

அப்பாவின் நெஞ்சு முழுக்கக் கல் தூசி. பூமிக்கு அடியில் பாறையைத் துளை போட்டுத் துளை போட்டுச் சேர்த்தது. தெருமுனை வரை நடந்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படுத்தால் அடைக்கும். மருந்து பாதி வேலைதான் செய்யும், காற்று வருகிற அறையில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தம்பி காகிதத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தான்.

"பாருக்கா. ரெடிமேட் பிளான். கடையில கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு பொஸ்தகமே வெச்சிருக்கான். இது நல்லா ஓடுற பிளானாம். நூறு பர்சன்ட் வாஸ்து. காரு நிறுத்த எடம் கூட வருது."

"நம்மகிட்ட ஏதுடா காரு?"

"வராமலே போயிடுமா?"

நான் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கிறவள். நான் தைக்கிற சட்டையை யார் போடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது ரெடிமேட். பிடிக்கவில்லை என்றால் கழற்றி எறியலாம். வீட்டை எப்படிக் கழற்றுவது? இதைக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் சபையில் பேசுகிற ஆள் இல்லை. தினமும் ஃபேக்டரிக்குப் போகிற ரயிலில்கூட ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கேட்க மாட்டேன், நனைந்துகொண்டே வருவேன்.

காகிதத்தைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்பக்கம், வடகிழக்கு மூலையில் பூஜை அறை. இரண்டு பக்கம் ஜன்னல். வீட்டிலேயே நல்ல காற்று அங்கேதான் வரும். நாங்கள் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு புத்தர் படம். அதற்கு ஓர் ஆணி போதும், அறை வேண்டாம். எந்தத் திசையில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று ஊர் போட்ட கணக்கையெல்லாம் உதறிவிட்டு வந்தவர் எங்கள் தாத்தா. பேரன் அந்தக் கணக்கைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறான்.

"நமக்கு எதுக்குடா பூஜை ரூமு?"

"நாளைக்கு விக்கணும்னா கேப்பாங்கக்கா."

"கட்றதுக்கு முன்னாலயே விக்கிறியா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு என்று அவன் விரல் வைத்த அறை நடுவில் இருந்தது. அதற்கும் ஒரு ஜன்னல் வரைந்திருந்தார்கள். அந்தப் பிளான் நாலு பக்கமும் காலியாக இருக்கிற பெரிய சைட்டுக்குப் போட்டது. எங்கள் சைட் ஒடுக்கம். அந்தப் பக்கம் ஏற்கெனவே மாடி வீடு எழுந்துவிட்டது. அப்பாவின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும், நடுவில் வளையல் போட்ட கை நுழையாது. "அதெல்லாம் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல நம்ம சைட்டுக்குச் சுருக்கிக் குடுத்துட்டான்" என்றான் தம்பி. ஆமாம், சுருக்கியிருந்தான். அறையைச் சுருக்கியபோது அதற்குள் வரைந்திருந்த கட்டிலும் சேர்ந்து சுருங்கிவிட்டது. காகிதத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. அந்தக் கட்டிலில் ஐந்து வயதுப் பிள்ளைதான் படுக்க முடியும்.

"இது இருட்டா இருக்கும்டா."

"இருக்கட்டுமே. நைனாவுக்கு இருட்டு ரூம்தான புடிக்கும்? நைட் ஷிப்ட்டு ஆளு."

நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவன் சொன்னது வேண்டுமென்றே சொன்ன கெடுதல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்கள் லைன்களில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வருகிற ஆம்பளைக்குத்தான் உள்ளறை. ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு, தூங்குவதற்குத் தோது. அவர் உள்ளே போனால் வீடே பாத்திரச் சத்தம் இல்லாமல் நடக்கும். பிள்ளைகள் தெருவில்தான் விளையாட வேண்டும். உள்ளறை என்பது மரியாதை. சம்பாதிக்கிறவனின் இடம். சுரங்கம் மூடி ஷிப்ட் போய், சங்கு போய், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் துருப்பிடித்துப் போன பிறகும் எங்கள் தலையில் அந்த மரியாதை மட்டும் போகவில்லை. நெஞ்சடைத்த கிழவனுக்குக் காற்று வராத அறையைக் கொடுத்துவிட்டு, பெரிய மரியாதை செய்ததாக நினைக்க எங்கள் ஊர்க்காரனால்தான் முடியும்.

சாத்தியிருந்த உள்ளறைக்குள் இருந்தே அப்பாவும் அதற்குத் துணை போனார். "புள்ள சொல்றது சரிதான். எனக்கு உள்ரூமே போதும்" என்றார்.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த அடுப்பு.

அந்த வாரம் முழுக்க ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் தாத்தா, அப்பா எல்லோருக்கும் கம்பெனி ஒரே அளவில் வீடு கொடுத்தது. குடும்பம் பெரிதா, யாருக்கு இருமல், யார் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எங்களுக்கு வேறு வழியில்லை, இருந்தோம். இன்றைக்குச் சொந்த மண் இருக்கிறது. அதிலும் யாரோ ஒருவன் எங்களைப் பார்க்காமலே போட்ட வீட்டைத்தான் கட்ட வேண்டுமா? அதுவும் நாமே தேடிப் போய் வாங்கி?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஆர்க்கிடெக்ட் போர்டு இருக்கிறது. கண்ணாடிக் கதவு. பல நாள் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அது பங்களா கட்டுகிறவர்களுக்கு என்று யார் எங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை, நாங்களும் நம்பிவிட்டோம். ஒரு சனிக்கிழமை உள்ளே போய்விட்டேன். செருப்பை வெளியே கழற்றினேன். உள்ளே இருந்த ஆர்க்கிடெக்ட் ஒரு பெண், என் வயதில் பாதி இருக்கும், "போட்டுக்கிட்டே வாங்க" என்றாள். கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகவே பேசினாள். முதலில் அவளும் கண்ணாடி பதித்த வீட்டுப் படங்களைத்தான் காட்டினாள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"இதெல்லாம் வேணாம் மேடம். எங்க நைனாவுக்கு மூச்சு விட ஒரு ரூம் வேணும்" என்றேன்.

அவள் படங்களை மூடினாள். "இப்போ அவரு எங்க படுக்கறாரு?"

"படுக்கறது இல்ல. தெருக்கதவ தெறந்து வெச்சு, நாற்காலில உக்காந்துக்கினே தூங்குவாரு."

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடமும்தான். சொல்லக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மகன் வருகிற ஞாயிறுகளில் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொள்வார். அவன் வந்து, "நைனா தூங்கறாரா? தூங்கட்டும்" என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாத்திய கதவுதான்.

"அவர ஒரு தடவை பாக்கணும், சைட்டையும் பாக்கணும். பாக்காம வரைய மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை.

அடுத்த முறை தம்பி மேஸ்திரியையே கூட்டி வந்துவிட்டான். புதன்கிழமை சுண்ணாம்புக் கோடு போட்டுக் கடைக்கால் தோண்டுவதாகப் பேச்சு. அப்பா வழக்கம்போல உள்ளே போய்விட்டார்.

"ஆர்க்கிடெக்ட் ஒருத்தங்கள பாத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தம்பி மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தான். "எங்கக்கா அரமண கட்டப் போறாங்க."

மேஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். "இருபதடி சைட்டுக்கு ஆர்க்கிடெக்டா? இன்னாம்மா நீங்க, பொட்டிக்கடைக்கு மானேஜர் வெக்கிற கதையா இருக்குது" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி இல்லை. இருமலை அமுக்குகிற சத்தம். மூட்டையைத் தரையில் இழுத்தால் வருமே, அப்படி. எத்தனை ஞாயிறு அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. எழுந்து போய் உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டை வாய்க்குள் திணித்திருந்தார். கண் இரண்டும் பிதுங்கி, பனியன் வியர்வையில் ஒட்டிப்போய் இருந்தது.

"வந்து பாருடா" என்று கத்தினேன். பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும், ஒரே சுவர்தானே. "இதான் உன் நைனாவுக்குப் புடிச்ச ரூமு! நீ வர்ற அன்னிக்கித்தான் இவுரு உள்ள போறாரு. மத்த நாளெல்லாம் வாசல்ல உக்காந்துதான் தூங்கறாரு. இத அப்டியே அங்கயும் கட்டு. சாமிக்கு ரெண்டு சன்னல் வெச்சிக் கட்டு!"

தம்பி எழுந்து வந்தான். துண்டை அவன்தான் எடுத்தான். அப்பாவை இருவருமாகத் தூக்கி வாசலில் உட்கார வைத்தோம். மேஸ்திரி எப்போது போனார் என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு மூச்சு சீரானதும், "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றான் தம்பி.

"நீ கேட்டியா?" என்றேன்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஊர் கேட்க அவர் மானத்தை வாங்கிவிட்டேனாம். வாங்கினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், மாத்திரை கொடுத்தால் போடுவார், பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதைத் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். "தெருப்பக்கம் எனக்கு ரூமு வேணாம். போறவன் வர்றவன் எல்லாம் நான் இருமறத நின்னு பாக்கணுமா?"

கடைக்கால் தோண்ட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, தம்பியே ஆர்க்கிடெக்ட்டை வரவழைத்தான். அந்தப் பெண் வந்ததும் அப்பா சொன்னதை அவளிடம் சொன்னான். அவள் சைட்டில் நின்று சுற்றிப் பார்த்தாள். பின்பக்க மூலையில் கொஞ்சம் இடத்தைக் கூரையில்லாமல் விட்டு, அப்பாவின் அறையை அதற்கு ஒட்டிப் போட்டாள். இரண்டு பக்கம் ஜன்னல். தெருவில் இருந்து ஒரு கண் படாது. கார் நிறுத்துகிற இடம் போய்விட்டது. பூஜை அறையும் போய்விட்டது, அந்த மூலைதான் இப்போது அப்பாவுக்கு. தம்பி ஊரெல்லாம், "நான்தான் ஆர்க்கிடெக்ட் வெச்சு செய்யறேன்" என்று சொல்லித் திரிகிறான். சுருட்டிக் கொண்டுவந்த அந்தப் பிளானை அவன் கூட வேலை செய்கிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டாராம். எந்த வீட்டுக் கிழவனை எந்தச் சுவருக்குப் பின்னால் வைக்கப் போகிறார்களோ.

இப்போது சுவர் நெஞ்சு உயரம் வந்திருக்கிறது. சாயங்காலம் அப்பா ஆட்டோவில் போய், இன்னும் கூரை போடாத தன் அறையில் நாற்காலி போட்டு உட்காருகிறார். போன ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். ஜன்னலுக்காகக் கல் வைத்துக் குறித்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"சன்னல் மேல இருக்குது. நான் உக்காந்துதான தூங்கறேன். மூஞ்சிக்கு நேரா வரணும் காத்து. எறக்கச் சொல்லு."

அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஒரு மன்னிப்பும் இல்லை, கூப்பிட ஒரு வார்த்தையும் இல்லை, நேராக வேலை ஏவுகிறார்.

"நீயே சொல்லு. வாய் இருக்குது இல்ல?" என்று அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டு போனை அவர் கையில் திணித்தேன்.

"மேடமா? நான் அவுங்க நைனா பேசறேன்" என்று ஆரம்பித்தார். "எனக்குப் படுக்க முடியாதும்மா" என்று சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருமினார். மண் சுமக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருமி முடித்து, மூச்சு வாங்கி, "சன்னல எறக்கணும்" என்றார். துண்டு தோளிலேயே கிடந்தது.